பன்னாட்டுச் சுற்றுச்சூழல் மாநாட்டுக்கு மாணவர்களைத் தயார்செய்வது எப்படி?

கேள்வி: பசுமைமன்றம்

வணக்கம்.

11 முதல் 14 வயது வரையுள்ள எட்டு மாணவர்கள் ஒரு பன்னாட்டுச் சிறுவர் சுற்றுச்சூழல் மாநாட்டுக்குத் தேர்வாகியிருக்கிறார்கள். மாநாடு நான்கு நாள். கையில் இருப்பது ஐந்து மாதம். ஏற்பாட்டாளர்கள் கேட்டிருப்பவை: மேடையில் மூன்று நிமிடப் பேச்சு, ஒரு மேசையும் ஏ0 அளவுப் போஸ்டரும் கொண்ட ஸ்டால், கடைசி நாளில் எல்லா நாட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து எழுதும் கோரிக்கை அறிக்கையில் பங்கு.

மாணவர்கள் ஓராண்டாகப் பள்ளிக்குப் பக்கத்து ஆற்று நீரைச் சோதித்துவருகிறார்கள். பள்ளிக் குப்பையையும் எடைபோட்டிருக்கிறார்கள். குறிப்புகள் பல நோட்டுகளில் சிதறிக் கிடக்கின்றன.

ஆவண வேலைகளை எந்த வரிசையில் செய்வது? இந்தக் குறிப்புகளைக் காட்சிக்கு ஏற்றதாக மாற்றுவது எப்படி? மூன்று நிமிடப் பேச்சில் எவ்வளவு சொல்லலாம்? அறிக்கை எழுதும் அமர்வுக்கு முன்கூட்டியே பயிற்சி கொடுக்க முடியுமா? சில பெற்றோர்கள் ஐ.நா. காலநிலை மாநாட்டுக்கும் பிள்ளைகளை அனுப்ப முடியுமா என்று கேட்கிறார்கள்; அதற்கு வழி என்ன?

விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றாக இருக்கும்.

பதில் 1: கொன்றைமரம்

ஐந்து மாதம் நிறைய மாதிரி தெரியும். விசாவுக்கான நாள்களைக் கழித்தால் அவ்வளவு இல்லை. ஆவணங்களை இந்த வாரமே தொடங்குங்கள்.

முதலில் எட்டுப் பேரின் பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பாருங்கள். பல நாடுகள் பயணத் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கின்றன. சிறுவர் பாஸ்போர்ட்டுக்குப் பெரியவர்களுடையதை விடக் காலம் குறைவு என்பதால், வீட்டில் எடுத்துவைத்த பாஸ்போர்ட் காலாவதியை நெருங்கியிருப்பது அடிக்கடி நடக்கும். அடுத்தது பெயர். பாஸ்போர்ட், அழைப்புக் கடிதம், பள்ளிச் சான்று, விமான டிக்கெட் நான்கிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் சுருக்கியும் ஓரிடத்தில் விரித்தும் எழுதிய பெயரால் டிக்கெட்டை ரத்துசெய்து மறுபடி எடுக்க நேரும்.

அழைப்புக் கடிதம் பள்ளிக்கு மொத்தமாக ஒன்று வந்தால் போதாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். பாஸ்போர்ட் எண், மாநாட்டுத் தேதி, தங்குமிடம், செலவு யாருடையது என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். "செலவு யாருடையது" என்பது தெளிவாக இல்லாத கடிதத்தோடு போனால் விசா அலுவலர் பெற்றோரின் வங்கிக் கணக்கைக் கேட்பார்.

ஷெங்கன் நாடுகள் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) என்றால் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள், சில நேரம் 45 நாள் வரை நீளும். 12 வயதுக்குக் கீழே விரல்ரேகை கிடையாது, மேலே உண்டு. உங்கள் குழுவில் இரண்டு வகையும் இருப்பதால் யார் யார் நேரில் போக வேண்டும் என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் ஒப்புதல் கடிதத்தில்தான் பெரும்பாலான குழுக்கள் மாட்டிக்கொள்கின்றன. தாய், தந்தை இருவரும் கையெழுத்திட்டு நோட்டரி சான்று பெற வேண்டும். உடன் செல்லும் ஆசிரியரின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும், போகும் தேதி, திரும்பும் தேதி, அவசர சிகிச்சைக்கு ஆசிரியர் சம்மதிக்கலாம் என்ற வரி, இவை கட்டாயம். ஓர் ஆசிரியரின் பெயரை மட்டும் எழுதிவிட்டுக் கடைசி வாரத்தில் வேறொருவர் போக நேர்ந்தால் எட்டுக் கடிதமும் செல்லாது. எனவே போகக்கூடிய எல்லாப் பெரியவர்கள் பெயரையும் எழுதிவிடுங்கள். பெற்றோர் பிரிந்து வாழ்ந்தால் நீதிமன்ற உத்தரவின் நகல், ஒருவர் இல்லையென்றால் இறப்புச் சான்றின் நகல் சேர்க்க வேண்டும். இதைப் பிள்ளைகள் முன்னால் கேட்காதீர்கள்.

எட்டுப் பேருக்கு ஓர் ஆசிரியர் போதவே போதாது. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து மருத்துவமனைக்குப் போனால் மீதி ஏழு பேரை யார் பார்ப்பது? குறைந்தது இருவர், ஆணும் பெண்ணும் கலந்த குழு என்றால் ஆசிரியரும் ஆசிரியையும்.

மருந்துகள் அசல் உறையோடும் மருத்துவர் சீட்டோடும் கைப்பையில் வரட்டும். சீட்டில் வணிகப் பெயரோடு மருந்தின் பொதுப் பெயரும் இருக்கட்டும், அங்கே கடையில் கேட்க அதுதான் உதவும். பவர் பேங்கைச் செக்-இன் பெட்டியில் போடக்கூடாது. 100 வாட்-மணி வரை கைப்பையில் அனுமதி. பவர் பேங்கில் போட்டிருக்கும் மில்லி ஆம்பியர்-மணி எண்ணை 3.7-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் வாட்-மணி கிடைக்கும். 20,000 என்று போட்டிருந்தால் 74, பிரச்சினை இல்லை.

நேர வித்தியாசம் ஐந்து மணிக்கு மேல் என்றால் இரண்டு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். முதல் நாள் காலைப் பேச்சு நம் ஊர் நேரத்தில் நள்ளிரவாக இருக்கக்கூடும். தூக்கக் கலக்கத்தில் மேடையேறும் பிள்ளைக்கு எவ்வளவு பயிற்சி கொடுத்திருந்தாலும் சொல் வராது.

பதில் 2: நீரளவு

ஓராண்டுக் குறிப்பு இருப்பது பெரிய பலம். இந்த மாதிரி மாநாடுகளில் பெரும்பாலான ஸ்டால்களில் இணையத்தில் எடுத்த படங்களும் வாசகங்களும்தான் இருக்கும். சொந்தமாக அளந்த எண்ணோடு வரும் குழுவிடம்தான் எல்லோரும் நின்று பேசுவார்கள். போஸ்டரைப் பிறகு பார்க்கலாம், முதல் மூன்று வாரம் நோட்டுகளுக்கு.

எல்லாவற்றையும் ஒரே அட்டவணைக்குக் கொண்டுவாருங்கள். வரிசைக்கு ஓர் அளவீடு: தேதி, நேரம், இடம், நீரின் வெப்பநிலை, அளந்த மதிப்பு, அலகு, கருவி, அளந்தவர். இதில் "நேரம்" கட்டத்தைத்தான் பிள்ளைகள் எழுதாமல் விடுவார்கள். நீரில் கரைந்த ஆக்சிஜனுக்கு நேரம் இல்லாவிட்டால் அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பாசியும் நீர்த்தாவரமும் பகலில் ஒளிச்சேர்க்கை செய்வதால் பிற்பகலில் ஆக்சிஜன் ஏறும். இரவு முழுக்க எல்லா உயிரும் சுவாசித்து, விடியலுக்குச் சற்று முன் அது அடிமட்டத்துக்கு இறங்கும். ஒரு மாதம் காலை 7 மணிக்கும் அடுத்த மாதம் மதியம் 3 மணிக்கும் அளந்துவிட்டு "ஆறு தேறிவிட்டது" என்று எழுதினால் அது தவறான செய்தி. வெப்பநிலையும் அப்படித்தான். தூய நீர் 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் சுமார் 7.5 மட்டுமே. கோடையில் எண் குறைந்ததெல்லாம் மாசினால் என்று சொல்லிவிட முடியாது.

நேரம் பதியாத பழைய அளவீடுகளைத் தூக்கி எறியாதீர்கள், வரைபடத்தில் சேர்க்காமல் தனியாக வையுங்கள். "இத்தனை அளவீட்டை ஏன் விட்டோம்" என்று ஒரு மாணவி விளக்கினாலே கேட்பவருக்கு மதிப்பு கூடும்.

நீரின் அமில-காரத் தன்மையை அளக்கும் பிஎச் மீட்டர் என்றால் களத்துக்குப் போகும் ஒவ்வொரு நாளும் பிஎச் 4, 7, 10 என்று மதிப்பு தெரிந்த தாங்கல் கரைசல்களில் சரிபார்க்க வேண்டும். மின்முனையைக் காயவிடக்கூடாது, வாலை வடிநீரிலும் ஊறவைக்கக்கூடாது, அதற்கென்று உள்ள சேமிப்புக் கரைசலில்தான் வைக்க வேண்டும். தாளில் நிறம் பார்த்து அளந்திருந்தால் போஸ்டரில் 7.23 என்று எழுதாதீர்கள். தாள் அவ்வளவு நுட்பமாகச் சொல்லாது. "ஏறத்தாழ 7" என்பதே சரி. பிஎச் 7-லிருந்து 6-க்கு இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடியது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கட்டும், இந்தக் கேள்வி நிச்சயம் வரும்.

கலங்கலுக்குக் கறுப்பு வெள்ளைக் கால்வட்டங்கள் தீட்டிய 20 செ.மீ. செக்கி தட்டு (நீரில் இறக்கி எந்த ஆழத்தில் மறைகிறது என்று பார்ப்பது) குளத்துக்கும் ஏரிக்கும் பொருந்தும். ஓடும் ஆழமில்லாத ஆற்றில் நீரோட்டம் தட்டை இழுத்துவிடும். அங்கே அடியில் அதே தட்டு பதித்த ஒளிபுகும் குழாய் நல்லது. தட்டு மறையும்வரை நீரை ஊற்றி, அந்த உயரத்தைப் படிக்க வேண்டும். மூன்று பேர் தனித்தனியாகப் பார்த்துச் சராசரி எடுக்கட்டும். நிழலில் நின்று பார்க்க வேண்டும், குளிர்க்கண்ணாடி போடக்கூடாது.

குப்பைக் கணக்கில் இரண்டு தவறு வழக்கம். வாளியின் எடையைக் கழிக்க மறப்பது ஒன்று. மழை நாளில் நனைந்த காகிதத்தை அப்படியே எடைபோடுவது மற்றொன்று. மொத்தத்தை ஆள் எண்ணிக்கையாலும் நாளாலும் வகுங்கள். உதாரணத்துக்கு, 412 பேர் உள்ள பள்ளியில் ஐந்து நாளில் 61 கிலோ என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 30 கிராம். "61 கிலோ" என்பதை வேறு நாட்டுப் பள்ளியோடு ஒப்பிட முடியாது, "30 கிராம்" என்பதை முடியும். ஸ்டாலுக்கு வரும் பிள்ளைகளிடம் "உங்கள் பள்ளியில் எவ்வளவு?" என்று கேட்டு ஒரு அட்டையில் எழுதிவாங்கலாம்.

ஏ0 என்பது 841 × 1189 மில்லிமீட்டர். தலைப்பு எழுத்து 90 புள்ளிக்குக் குறையக்கூடாது, உள்ளே 28-க்குக் குறையக்கூடாது, மொத்தம் 300 சொல் போதும். நடுவில் ஒரே ஒரு பெரிய வரைபடம். சிவப்பும் பச்சையும் சேர்த்துக் கோடு போடாதீர்கள், நிறக்குருடு உள்ளவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். நீலமும் ஆரஞ்சும் போடலாம். காகிதத்தில் அச்சிட்டு உருளையில் சுருட்டினால் விமானக் கைப்பை அளவைத் தாண்டும். துணியில் அச்சிட்டால் மடித்துப் பெட்டிக்குள் வைக்கலாம். பிடிஎஃப் பிரதி ஒன்று பென் டிரைவிலும் ஒன்று மின்னஞ்சலிலும் இருக்கட்டும்.

மேசையில் வருபவர் கையால் செய்துபார்க்க ஏதாவது இருக்க வேண்டும். காலி ஒளிபுகு குழாயை எடுத்துப்போய், அங்கே குழாய்நீரில் சில சொட்டுப் பால் கலந்தால் கலங்கல் நீர் தயார். தட்டு எப்போது மறைகிறது என்று வருபவரே பார்த்துச் சொல்லட்டும்.

பதில் 3: மேடைக்குறிப்பு

பேச்சைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பேச்சை உடனுக்குடன் வேறு மொழியில் சொல்லும் உரைபெயர்ப்பாளர்கள் வைத்து நடக்கும் அரங்கில் நிமிடத்துக்கு 100 முதல் 110 ஆங்கிலச் சொல்தான் வசதியான வேகம். மூன்று நிமிடத்துக்கு 300 சொல், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். பெரும்பாலும் 450 சொல் எழுதிக்கொடுத்துவிடுவார்கள். பிள்ளை மூச்சுவிடாமல் ஓடும். காதொலிக் கருவியில் உரைபெயர்ப்பைக் கேட்பவர்களுக்குப் பாதிப் பேச்சுதான் போய்ச் சேரும். நேரம் முடிந்ததும் தலைவர் மைக்கை நிறுத்திவிட்டால், கடைசியில் வைத்திருந்த கோரிக்கை போயே போய்விடும். கோரிக்கையை முதல் நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள்.

தமிழில் பேசலாமா என்பதைத் தைரியமாகக் கேட்டுப்பாருங்கள். ஐ.நா.வில் அலுவல் மொழிகள் ஆறு: அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ். பொதுச்சபையில் வேறு மொழியில் பேசுகிறவர், இந்த ஆறில் ஒன்றுக்கு உரைபெயர்ப்பைத் தாமே ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது விதி. சிறுவர் மாநாடுகளில் இவ்வளவு கண்டிப்பு இருக்காது. ஆங்கிலம் தடுமாறும் பிள்ளை தன் மொழியில் பேச, பக்கத்தில் இன்னொரு மாணவி வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொல்வது நன்றாக எடுபடும். அப்போது நேரம் இரட்டிப்பாகும், எனவே உரையைப் பாதியாக்க வேண்டும்.

பேச்சின் எழுத்துப் பிரதியை முதல் நாளே உரைபெயர்ப்புக் கூண்டுக்குக் கொடுங்கள். எண்கள், ஆற்றின் பெயர், உள்ளூர் மீன் பெயர் இவற்றைத் தனித் தாளில் பெரிதாக எழுதிக்கொடுங்கள். உரைபெயர்ப்பாளர் தடுக்கி விழுவது எப்போதும் எண்ணிலும் பெயரிலும்தான். பிரதியைக் கொடுத்தபின் மேடையில் மாற்றிச் சொல்லக்கூடாது.

தொடக்க வரி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "பூமித்தாய் அழுகிறாள்", "வருங்காலத் தலைமுறையின் குரல் நாங்கள்" போன்ற வரிகளைத் தயவுசெய்து எழுதிக்கொடுக்காதீர்கள். அன்று மேடையேறும் பத்துப் பேரில் ஐந்து பேர் அதையே சொல்வார்கள். 1992-ல் ரியோ டி ஜெனிரோ புவி உச்சி மாநாட்டில் பேசியபோது செவர்ன் கல்லிஸ்-சுசுகிக்கு 12 வயது. அவரும் மூன்று தோழிகளும் சேர்ந்து தாங்களே பணம் திரட்டி அங்கே போனார்கள். பேச்சு ஏறக்குறைய ஆறு நிமிடம். அது இன்றும் பேசப்படுவதற்குக் காரணம், ஓசோன் ஓட்டையால் வெயிலில் போகவே பயம் என்பதையும், தந்தையோடு மீன்பிடித்த இடத்தில் புற்று வந்த மீன்களைக் கண்டதையும் பிள்ளை பேசுகிற மாதிரியே பேசியதுதான். உங்கள் மாணவி ஆற்றங்கரையில் மண்டியிட்டுக் குழாயில் நீர் ஊற்றுகிறாள், மழைக்கு மறுநாள் தட்டு எத்தனை சென்டிமீட்டரில் மறைந்தது, அதற்கு முந்தின வாரம் எத்தனை? இந்த இரண்டு எண்ணோடு தொடங்கச் சொல்லுங்கள்.

உரையைப் பெரியவர்கள் எழுதக்கூடாது. மாணவரை உட்காரவைத்து, "ஆற்றில் நீ பார்த்ததை உன் தம்பிக்குச் சொல்வது போலச் சொல்" என்று கேட்டு, கைபேசியில் பதிவுசெய்யுங்கள். அதைத் தாளில் இறக்கி, அவரே வெட்டித் திருத்தட்டும்.

அச்சிடும்போது எழுத்து 18 புள்ளி, வரி இடைவெளி ஒன்றரை, தாளின் ஒரு பக்கம் மட்டும். ஒரு வாக்கியம் அடுத்த பக்கத்துக்குப் போகக்கூடாது. தாள்களைப் பின் போட வேண்டாம், புரட்டும் சத்தம் மைக்கில் இடிபோலக் கேட்கும், ஒவ்வொன்றாகப் பக்கத்தில் நகர்த்தி வைக்கலாம். மாநாட்டு மேசை மைக்குகளில் பொத்தானை அழுத்தினால் சிவப்பு வளையம் எரியும், அப்போதுதான் உயிர் வந்திருக்கிறது. விரலால் தட்டிப் பார்க்கக்கூடாது, உரைபெயர்ப்பாளரின் காதில் அறைவது போல விழும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி. பேசும்போது தன் காதொலிக் கருவியைக் கழற்றித் தள்ளிவைக்க வேண்டும். மைக்குக்குப் பக்கத்தில் அது திறந்திருந்தால் ஊளைச் சத்தம் வரும், பதறிப்போன பிள்ளைக்கு ஏன் என்று தெரியாது.

பயிற்சிக்கு, வகுப்பில் இரண்டு பேர் குறுக்கே நடக்க, ஒருவர் கதவைத் திறந்து மூட, அந்த நடுவில் பேசவையுங்கள். மாநாட்டு அரங்கம் அப்படித்தான் இருக்கும். யாரும் கவனிக்கவில்லை என்று பிள்ளை நினைத்துக் குரலை இறக்கிவிடக்கூடாது.

பதில் 4: சதுப்புநிலம்

ஐ.நா. காலநிலை மாநாடு பற்றிய கேள்விக்கு: அது வேறு வகை. சிறுவர்களுக்காக நடத்தும் மாநாட்டுக்குப் பள்ளி நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் நடத்திய துன்சா சிறுவர் மாநாடுகள் அப்படிப்பட்டவை, 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கானவை. 2009-ல் தென்கொரியாவின் டேஜோனிலும் 2011-ல் இந்தோனேசியாவின் பாண்டுங்கிலும் கூடின. காலநிலை மாநாடு அரசுகள் பேரம் பேசும் இடம். பேச்சுவார்த்தை நடக்கும் நீல மண்டலத்துக்குள் வாசலில் டிக்கெட் வாங்கிப் போக முடியாது. நாட்டின் அதிகாரக் குழுவில் பெயர் இருக்க வேண்டும், அல்லது பார்வையாளர் அமைப்பாக ஏற்கப்பட்ட நிறுவனம் ஒன்று தன் ஒதுக்கீட்டில் பெயர் கொடுக்க வேண்டும், அல்லது ஊடகவியலாளராக இருக்க வேண்டும். பள்ளி தானே பார்வையாளர் தகுதி பெறுவது நீண்ட வேலை, ஐந்து மாதத்தில் நடக்காது. ஏற்கப்பட்ட அமைப்பு ஒன்றைப் பிடித்து, அவர்கள் பெயர்ப் பட்டியல் அனுப்புவதற்குப் பல மாதம் முன்பே கேட்க வேண்டும். ஒதுக்கீடு சில பேட்ஜ்கள்தான், அதில் சிறுவருக்கு ஓரிடம் கொடுத்தால் கூடவே பெரியவருக்கும் ஓரிடம் போகும் என்பதால் தயங்குவார்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தனி ஒப்புதல் படிவமும் பொறுப்பாளரும் உண்டு. பசுமை மண்டலம் பொதுமக்களுக்கானது, பள்ளிக் குழுக்களுக்கு அதுவே பொருத்தம்.

பார்வையாளர் அமைப்புகள் ஒன்பது பிரிவுகளாக உள்ளன. இளைஞர்களுக்கானது யங்கோ, 2009-ல் தற்காலிக ஏற்பும் 2011-ல் முழு ஏற்பும் பெற்றது. ஒவ்வொரு மாநாட்டுக்கும் சற்று முன் இளைஞர் மாநாடு ஒன்று கூடும், 2005-ல் மாண்ட்ரியலில் தொடங்கிய வழக்கம் அது. உங்கள் பிள்ளைகள் வயதில் இன்னும் சிறியவர்கள். மூன்று நான்கு ஆண்டு கழித்து அந்தக் கதவைத் தட்டலாம்.

பயணமே இல்லாமல் பங்கெடுக்கவும் வழி இருக்கிறது, அதைக் குறைவாக நினைக்காதீர்கள். சிறுவர் உரிமையும் சுற்றுச்சூழலும் பற்றி ஐ.நா. சிறுவர் உரிமைக் குழு 2023-ல் வெளியிட்ட 26-ஆம் பொதுக் கருத்துரைக்கு 121 நாட்டுச் சிறுவர்களிடமிருந்து 16,331 பங்களிப்புகள் போயின. அவர்களில் பெரும்பாலோர் விமானம் ஏறவில்லை. "சுற்றுச்சூழலுக்காக விமானத்தில் பறந்து வந்தீர்களா?" என்ற கேள்வி உங்கள் ஸ்டாலிலும் வரும். பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் கணிப்பானில் போய்வரும் தூரத்துக்கான உமிழ்வை மாணவர்களே கணக்கிட்டு, போஸ்டரின் ஓரத்தில் எழுதிவிடட்டும். யார் கேட்டாலும் எண்ணைக் காட்டிப் பேசலாம்.

பதில் 5: கடல்நாரை

மேலே எல்லோரும் நன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றில் மட்டும் எனக்கு வேறு கருத்து: தேர்வு முடிந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். எட்டுப் பேருக்கும் வேலை இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் பேச, ஏழு பேர் ஒரே நிறச் சட்டையில் பின்னால் நிற்பதற்காக அழைத்துப்போவது தவறு. சிறுவர் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக ரோஜர் ஹார்ட் 1992-ல் யூனிசெஃபுக்காக வகுத்தார். கீழ் மூன்று படிகளான ஆட்டுவித்தல், அலங்காரம், பெயரளவு ஆகியவற்றைப் பங்கேற்பு என்றே அவர் எண்ணவில்லை. இரண்டு பேர் பேச்சுக்கு, மூன்று பேர் ஸ்டாலுக்கு, இரண்டு பேர் அறிக்கைக்கு, ஒருவர் பதிவுக்கு என்று பிரியுங்கள். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைதான் பல நேரம் மிகத் துல்லியமாக அளந்திருக்கும், ஸ்டாலுக்கு அந்தப் பிள்ளை வேண்டும்.

அறிக்கை அமர்வில் நடப்பது இதுதான். சரளமாக ஆங்கிலம் பேசும் நாலைந்து பேர் பேனாவைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். அறுபது நல்ல கோரிக்கைகள் உள்ளே போய், "இயற்கையைக் காப்போம்" என்ற ஒரு வரியாக வெளியே வரும். இதைத் தடுக்க ஒரே வழி, கோரிக்கையை எழுதி எடுத்துப்போவது. உள்ளங்கை அளவு அட்டை ஒன்றில் மூன்று விஷயம்: யார் செய்ய வேண்டும், என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள். "ஆறுகளைத் தூய்மையாக்க வேண்டும்" என்பதை யாரும் எதிர்க்க மாட்டார்கள், யாரும் செய்யவும் மாட்டார்கள். "ஆற்றில் கழிவுநீர் விடும் ஒவ்வொரு நகராட்சியும் மாதாமாதம் நீர்ச்சோதனை முடிவைப் பள்ளிகளுக்குத் தர வேண்டும், அடுத்த கல்வியாண்டுக்குள்" என்று எழுதினால் அதைச் சுருக்குவது கடினம்.

ஐ.நா. வரைவுகளில் ஒப்புதல் ஆகாத சொற்களைச் சதுர அடைப்புக்குள் போடுவார்கள். வகுப்பில் இதைச் செய்துபாருங்கள். பலகையில் ஒரு கோரிக்கை எழுதி, பிடிக்காத சொல்லுக்கு யார் வேண்டுமானாலும் அடைப்புப் போடலாம் என்று சொல்லுங்கள். அடைப்பை எடுக்க வேண்டுமானால் எல்லோரும் ஏற்கும் மாற்றுச் சொல்லைத் தர வேண்டும். அரை மணி நேரத்தில் "உடனடியாக" என்ற சொல்லுக்காகவே சண்டை வந்துவிடும். வினைச்சொற்களின் வலிமை வேறுபாடும் அப்போது பிடிபடும்: "கவனத்தில் கொள்கிறோம்" என்பதில் யாருக்கும் கடமை இல்லை, "கேட்டுக்கொள்கிறோம்" சற்று மேல், "கோருகிறோம்" அதற்கும் மேல்.

அமர்வு நடக்கும் அறைக்குள் ஆசிரியர்கள் போகாதீர்கள். கதவோரம் நின்று கண்ணால் குறிப்புக் கொடுப்பதும் வேண்டாம்.

பசுமைமன்றம்

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேரம் பதிந்த அளவீடுகளைப் பிரிக்கத் தொடங்கிவிட்டோம். ஒரு சந்தேகம் மட்டும்: ஸ்டாலில் வைக்க ஆற்றங்கரை மண், நாட்டு மரவிதைகள், சிப்பிகள் எல்லாம் சேர்த்து ஒரு மரப்பெட்டியில் அடுக்கியிருக்கிறார்கள் பிள்ளைகள். அதை அப்படியே எடுத்துச் செல்லலாமா?

நீரளவு

வேண்டாம். அந்தப் பெட்டியில் உள்ள ஒவ்வொன்றும் சுங்கத்தில் நிற்கும்.

மண்ணில் பூஞ்சையும் புழுமுட்டையும் இருக்கும் என்பதால் பல நாடுகள் முன் அனுமதி இல்லாமல் ஒரு கரண்டி மண்ணைக்கூட விடாது. விதைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். சிப்பியோடு பவளத் துண்டு கலந்திருந்தால் இன்னும் சிக்கல். கல் பவளங்கள் அனைத்தும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன, கரையில் ஒதுங்கியதைப் பொறுக்கினோம் என்பது சாக்காகாது. கடல்குதிரைக்கும் அதே பட்டியல்தான். பறவை இறகும் வேண்டாம். இதையெல்லாம் அறிவிக்காமல் கொண்டுபோய்ப் பிடிபட்டால் அபராதம் ஆசிரியர் தலையில் விழும், அழுவது பிள்ளைகளாக இருக்கும்.

மரப்பெட்டிக்கும் விதி உண்டு. பொருள்களைக் கட்டி அனுப்பும் பதப்படுத்தாத மரப்பலகைப் பெட்டியை, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸை எட்டி 30 நிமிடம் நிற்கும்படி சூடேற்றி, அதற்குரிய முத்திரை குத்த வேண்டும். பலகைக்குள் இருக்கும் வண்டுப் புழுக்கள் நாடு தாண்டாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. ஒட்டுப்பலகைக்கு இது தேவையில்லை, தயாரிக்கும்போதே சூடேற்றி அழுத்திவிடுவதால். உங்களுக்கு அட்டைப்பெட்டியே போதும்.

மண்ணுக்குப் பதிலாக நெருக்கத்தில் எடுத்த புகைப்படம், பக்கத்தில் அளவுகோல் வைத்து. விதைகளையும் சிப்பிகளையும் மாணவர்கள் உண்மை அளவில் பென்சிலால் வரையட்டும். ஒரு விதையை அரை மணி நேரம் பார்த்து வரைந்த பிள்ளைக்கு அதைப் பற்றி யார் கேட்டாலும் பேச வரும். படங்களைத் துணிப் போஸ்டரோடு சேர்த்து மடித்துவிடலாம். பெட்டியை அப்படியே பள்ளியில் வைத்திருங்கள், திரும்பி வந்ததும் மற்ற வகுப்புகளுக்குக் காட்ட அது வேண்டியிருக்கும்.